அக்கா மாற்றிக்கொள்ளாத குரல்

போன மாதம் பட்டர்வொர்த்தில் ஒரு கல்யாண விருந்துக்குப் போயிருந்தேன். மணமக்கள் கேக் வெட்டி முடித்து, மேசைகளுக்கு மீன் வந்துகொண்டிருந்த நேரத்தில் ஒலிபெருக்கியில் அந்தப் பாட்டு வந்தது. பினாங்கில் தமிழர் வீட்டு விருந்து எதுவும் அந்தப் பாட்டு இல்லாமல் முடிவதில்லை. அதற்கு வேறொரு தலைப்பு உண்டு. ஆனால் எல்லாரும் ‘ஃபெரி பாட்டு’ என்றுதான் சொல்வார்கள். தீவிலிருந்து அக்கரைக்குப் போகும் ஃபெரியில் ஏறப்போகிற ஒருவனும், துறையில் நின்று அவனை அனுப்பிவைக்கிற ஒருத்தியும் மாறி மாறிப் பாடும் பாட்டு. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கல்லூரி வயதுப் பெண் ஆண் குரல் வந்த இடங்களில் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். “இந்த வாய்ஸ் இருக்கே ஆன்ட்டி, நெஞ்சுல வந்து உக்காந்துக்கும் லா. யாருன்னே தெரியல. இப்பவும் பாடுறாரா?” என்றாள். “இல்லம்மா. போன வருசம் எறந்துட்டாங்க” என்றேன். அந்தக் குரலுக்குப் பதில் சொல்லும் பெண் குரல் என்னுடையது என்பதையும், அந்த ஆண் குரலுக்குச் சொந்தக்காரர் ஒரு பெண் என்பதையும் மீன் ஆறுவதற்குள் எப்படிச் சொல்லி முடிப்பது என்று தெரியாமல் அவள் தட்டில் இன்னொரு துண்டு மீன் எடுத்து வைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் மனம் அங்கேயே நின்றது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

அவரை நான் அக்கா என்றே எழுதப்போகிறேன். பழகத் தொடங்கிய முதல் ஆண்டுகளில் அண்ணே என்றுதான் கூப்பிட்டேன். அந்தப் பாட்டு பதிவான நாளிலும் அவர் எனக்கு அண்ணன்தான். பிற்பாடு ஒருமுறை பழைய கதை எதையோ நான் சொல்லிக்கொண்டிருந்தபோது, “அப்பவும் நான் இதேதான் தங்கச்சி. வெளிய தெரியல, அவ்வளவுதான்” என்றார். அன்றிலிருந்து மிகப் பழைய நாட்களை நினைத்தாலும் எனக்கு அக்கா என்ற சொல்தான் வாயில் வருகிறது.

நான் டத்தோ கிராமாட்டில் வளர்ந்தவள். பள்ளி முடித்ததும் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை கிடைத்தது. கோயிலில் பாடிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, கல்யாணங்களுக்குப் பாடும் இசைக்குழு ஒன்றில் அதன் தலைவர் சேர்த்துக்கொண்டார். அவரை நாங்கள் மாஸ்டர் என்போம். சூலியா தெருவில் ஒரு நாணயமாற்றுக் கடையின் மாடியில் எங்கள் பயிற்சி அறை இருந்தது. பள்ளிவாசலில் பாங்கு சொல்லத் தொடங்கினால் பாட்டை நிறுத்திவிட வேண்டும். கீழே தெருவிலிருந்து நசி கண்டார் சோற்றுக் கடையின் குழம்பு வாசனை ஏறி வந்தால் எல்லாருக்கும் தாளம் தப்பும். அக்கா எனக்கு முன்பே அந்தக் குழுவில் இருந்தார். சுங்கை பினாங்கில் அடுக்குமாடி வீடு, அப்பா இல்லை, அம்மா ஒரு பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையில் சமையல் வேலை, வேறு பிள்ளைகள் கிடையாது. மெலிந்த உடம்பு, குனிந்த தலை. பேசும்போது வாயைக் கையால் மறைத்துக்கொள்ளும் பழக்கம் உண்டு. பாடத் தொடங்கினால் அந்த ஒல்லி உடம்பிலிருந்து வருகிறதா என்று சந்தேகப்படும்படி ஒரு கனத்த குரல் எழும். அடித்தொண்டைக்கு இறங்கும்போதும் உடையாது. மைக்கைச் சற்றுத் தள்ளியே வைத்துக்கொண்டு பாடுவார்.

ஃபெரி பாட்டை எழுதியதும் மெட்டமைத்ததும் அக்காதான். பெண் பாடும் வரிகளை எனக்குச் சொல்லிக்கொடுத்தபோது நான் ஓரிடத்தில் குரலைக் குழைத்து இழுத்தேன். அக்கா நிறுத்தச் சொன்னார். “இவ காத்திருக்கா தங்கச்சி. கெஞ்சல. காத்திருக்கிறவளுக்கு ஒரு கௌரவம் இருக்கு” என்று சொல்லிவிட்டு, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு அந்த வரியைப் பாடிக் காட்டினார். நான் பதிவில் பாடியது அவர் பாடிக் காட்டியதன் நகல்தான். கோலாலம்பூரில் பதிவு நடந்தது. வானொலியில் வந்த சில வாரங்களில் பாட்டு நாடு முழுக்கப் பரவியது. ஈப்போ, கிள்ளான், சிங்கப்பூர் என்று எங்களைக் கூப்பிட்டார்கள். குறுந்தட்டின் அட்டையில் எங்கள் இருவர் படமும் இருந்தது. அக்காவின் மீசை மிக மெல்லியது. அட்டைப் படத்தில் அது போதவில்லை என்று கணினியில் தடிமனாக்கிவிட்டார்கள். கடையில் முதன்முதலாக அதைப் பார்த்தபோது அக்கா கட்டைவிரலால் அந்த மீசையை மறைத்துப் பார்த்தார். பிறகு, “இந்த ஆளு யாரு தங்கச்சி? நம்ம பாட்ட இவருகிட்ட எப்பக் குடுத்தோம்?” என்றார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். ஆனால் எங்கே போனாலும் அந்த அட்டையில் கையெழுத்துப் போடச் சொல்லி நீட்டுவார்கள். அக்கா எப்போதும் பின்பக்கத்தைத் திருப்பித்தான் போடுவார்.

அந்தப் புகழின் உச்சத்தில் அவர் மேடைக்கு வருவதை நிறுத்தினார். தொண்டைக்குச் சரியில்லை என்று மாஸ்டர் கேட்டவர்களிடமெல்லாம் சொன்னார். எனக்கும் அவ்வளவுதான் தெரியும். வீட்டுக்குப் போனால் அவர் அம்மா, பிள்ளையைச் செல்லமாகக் கூப்பிடும் சொல்லால், “ஐயா தூங்குது” என்று கதவுக்குள்ளிருந்தே சொல்லி அனுப்பிவிடுவார். ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பயிற்சி அறையின் மரப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. நீல நிறப் பருத்திப் புடவை, தோளுக்குக் கீழே இறங்கிய முடி, சின்னப் பொட்டு. எல்லாரும் வாசித்துக்கொண்டிருந்ததை ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். அக்கா யாரையும் பார்க்காமல் வழக்கமாக அவர் நிற்கும் இடத்தில் வந்து நின்றார். எனக்கு அவசரத்தில் “அண்ணே” என்றுதான் வந்தது. அவர் என்னைப் பார்த்து, “பரவால்ல. மெதுவா பழகிக்கலாம்” என்றார். மாஸ்டர் கேட்டது ஒரே கேள்விதான்: “கொரல் எப்படி இருக்கு?” அக்கா பாடிக் காட்டினார். குரல் மாறவில்லை. அவர் சாப்பிட்டுவந்த ஹார்மோன் மாத்திரைகள் உடம்பை மாற்றினாலும், ஒருமுறை உடைந்து இறங்கிய குரலை மேலே ஏற்றுவதில்லை என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். மாடி அறையில் அந்தப் புடவையிலிருந்து அந்தக் குரல் எழுந்தபோது, வாசிப்பவர்களில் ஒருவர் எழுந்து சன்னலருகே போய்த் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மாஸ்டர் கெட்டவர் அல்ல. பல குடும்பங்கள் அந்தக் குழுவை நம்பி இருந்தன. விருந்து வைப்பவர்கள் என்ன சொல்வார்களோ என்ற பயம் அவருக்கு இருந்தது. அவர் கண்டுபிடித்த வழி இதுதான்: அக்கா மேடைக்குப் பின்னால், திரைக்கு அந்தப் பக்கம் நின்று பாடுவது, மேடையில் புதிதாகச் சேர்ந்த ஓர் இளைஞன் வாயசைப்பது. அக்கா ஒப்புக்கொண்டார். வருமானம் இல்லாமல் அவரும் அம்மாவும் இருக்க முடியாது. சில மாதங்கள் அப்படி நடந்தது. நான் அந்த இளைஞனின் முகத்தைப் பார்த்துப் பாடுவேன். பதில் எனக்கு முதுகுப் பக்கத்திலிருந்து வரும். இடைவேளையில் திரைக்குப் பின்னால் போனால், காற்றாடி இல்லாத அந்த மூலையில் பழைய நாற்காலிகளுக்கு நடுவே வேர்த்து விறுவிறுத்து நின்றுகொண்டிருப்பார். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் நல்ல புடவையாகப் பார்த்துத்தான் கட்டிக்கொண்டு வருவார். யார் பார்க்கப்போகிறார்கள் என்று நான் கேட்டதில்லை. கடைசியில் ஒருநாள் சாமான்களை வேனில் ஏற்றிக்கொண்டிருக்கும்போது அவரே மாஸ்டரிடம் போய்ச் சொன்னார்: “என் கொரலுக்குச் சோறு போட்டுட்டு என்னப் பட்டினி போடுறீங்க மாஸ்டர். இனிமே வேணாம்.” மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா வேனில் ஏறாமல் பஸ் நிறுத்தத்துக்கு நடந்து போனார்.

அதன்பிறகு அவர் ஒரு பூக்கடையில் மாலை கட்டினார். சில அம்மன் கோயில் திருவிழாக்களில் மட்டும் பக்திப்பாட்டுக்கு அவரை மேடையேற்றினார்கள். நான் சனிக்கிழமைகளில் அலுவலகம் விட்டதும் அந்தக் கடைக்குப் போய்விடுவேன். அக்கா என்று கூப்பிடுவது அதற்குள் பழகிவிட்டது; எந்த நாளில் பழகியது என்று எனக்கே நினைவில்லை. வெளியே போகும்போது அக்கா பேசவே மாட்டார் என்பதை அப்போதுதான் கவனித்தேன். பாசாரில் மீனை விரலால் காட்டுவார். காய்கறிக்காரர் விலை சொன்னால் தலையை மட்டும் ஆட்டுவார். பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிற பெண் சிரித்துக்கொண்டு ஏதாவது கேட்டால், தொண்டை கட்டியிருப்பதாகச் சைகை காட்டுவார். வாயைத் திறக்கும் வரையில் அவரைப் பார்த்து யாரும் திரும்புவதில்லை. திறந்ததும் எல்லாத் தலைகளும் திரும்பும். நாட்டில் பாதிப் பேர் காசு கொடுத்து வாங்கிக் கேட்ட குரலை, அவர் தெருவில் நடக்கும்போது ஒளித்து வைத்துக்கொண்டு நடந்தார்.

இதற்கிடையே அக்காவின் அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி முற்றிக் கண்பார்வை போய்விட்டது. பிள்ளை புடவை கட்டத் தொடங்கிய காலத்தில் அம்மாவுக்குப் பார்வை மங்கலாகவாவது இருந்தது. அப்போது அவர் ஒன்றும் கேட்கவில்லை, திட்டவும் இல்லை. முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டு சோறு போட்டார் என்று அக்கா சொல்லியிருக்கிறார். பார்வை முழுதாகப் போன பிறகு திருப்பிக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. இன்சுலின் ஊசி போடுவது, குளிப்பாட்டுவது, கால் புண்ணுக்கு மருந்து கட்டுவது எல்லாம் அக்காதான். அம்மா அவரை எப்போதும்போல “ஐயா” என்றே கூப்பிட்டார். ஒரு வெள்ளிக்கிழமை நான் போயிருந்தபோது பார்த்தது கண்ணிலேயே நிற்கிறது. அக்கா தரையில் உட்கார்ந்திருக்கிறார். அம்மா நாற்காலியில் இருந்தபடி அவர் தலையில் எண்ணெய் தேய்த்து, விரல்களால் வகிடு தேடிப் பிரித்து, நீளமாகப் பின்னிக்கொண்டிருக்கிறார். “முடி நல்லா வளந்திருக்கு ஐயா. நுனிதான் வெடிச்சிருக்கு, கொஞ்சம் வெட்டிவிடணும்” என்கிறார். அக்கா “சரிம்மா” என்கிறார். இருவரும் எப்போதும் பேசுவதுபோலவே பேசுகிறார்கள். நான் வாங்கிப்போன பழத்தை மேசையில் வைத்துவிட்டு அவர்கள் முடிக்கும்வரை காத்திருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் கோலாலம்பூரிலிருந்து ஓர் இசைத் தயாரிப்பாளர் வந்தார். காலம் சற்று மாறியிருந்தது. திருநங்கை ஒருவரைப் பாடகியாக அறிமுகப்படுத்தினால் இளைஞர்கள் கேட்பார்கள் என்று அவர் நம்பினார். காப்பிக்கடையில் வைத்துப் பேசினார்கள். அக்கா என்னையும் கூட்டிப்போயிருந்தார். தயாரிப்பாளர் மரியாதையாகத்தான் பேசினார். “ஒங்க பாட்டு, ஒங்க முகம் எல்லாம் ஓக்கே. கொரல் மட்டுந்தான் சேர மாட்டேங்குது. ஆளப் பாத்துக்கிட்டே கேட்டா சனங்களுக்குக் கொழப்பமா இருக்கும். பேங்காக்ல இதுக்குன்னு ஒரு டாக்டர் இருக்காரு. ஆப்பரேசன் செலவு எங்களது. அதுக்கப்புறம் ஒரு முழு ஆல்பம் பண்ணுவோம்” என்றார். அக்கா ஒரு கேள்வி கேட்டார்: “அதுக்கப்புறம் பாட முடியுமா?” அவர் மறைக்கவில்லை. பேசும் குரல் மெலிந்துவிடும், பாட்டு முன்போல வருமா என்று டாக்டரே உறுதி சொல்வதில்லை, ஆனால் இப்போது கருவிகளை வைத்து எதையும் சரிசெய்துவிடலாம் என்றார்.

வேண்டாம் என்று உடனே சொல்லக்கூடிய நிலையில் அக்கா இல்லை. நானும் சொல்லவில்லை. பாசாரில் வாய்விட்டு விலை பேசலாம், தொலைபேசியில் யாரும் ‘சார்’ என்று கூப்பிடமாட்டார்கள், பூக்கடையிலிருந்து மேடைக்குத் திரும்பலாம். இவ்வளவும் அந்த ஆப்பரேசனுக்கு அந்தப் பக்கம் இருந்தது. பேங்காக் போகக் கடப்பிதழ் எடுத்தார். அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளையும் பேசி வைத்தார். குரலைப் பழக்குவதற்காகத் தினமும் காலையில் பூக்கடை திறக்குமுன் கடற்கரை ஓரம் போய், மெல்லிய குரலில் பேசிப் பார்ப்பார். தொண்டையை இறுக்கி, மூச்சைக் குறைத்து, கொஞ்ச நேரம் அப்படிப் பேச அவருக்கு வந்துவிட்டது. கேட்க நன்றாகவே இருந்தது. எனக்குத் தெரியாத ஒரு பெண்ணின் குரல்.

கிளம்பவேண்டிய வாரத்தில் ஒரு காலை, அக்கா அந்தக் குரலை வீட்டில் பேசிப் பார்த்திருக்கிறார். அம்மா அப்போதுதான் எழுந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அக்கா கதவருகே நின்று, அந்த மெல்லிய குரலில், “அம்மா, பசியாறிட்டீங்களா?” என்று கேட்டார். அம்மா குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, கலைந்த புடவைத் தலைப்பை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, “யாரும்மா அது? ஐயா வீட்ல இல்லையே. வர்ற நேரந்தான், உக்காருங்க” என்றார்.

அக்கா சத்தமில்லாமல் வெளியே போய், மாடிப்படிவரை நடந்து, திரும்பி வந்து, கதவைச் சத்தமாகத் திறந்து, தன் குரலில் “நான்தாம்மா” என்றார். “யாரோ ஒரு பொண்ணு வந்துச்சு ஐயா. ஒன்னத்தான் தேடி வந்திருக்கும்போல. மரியாதையா பேசுச்சு. உக்காரச் சொன்னேன், போயிருச்சு” என்றார் அம்மா. அன்றைக்கு மத்தியானம் அக்கா பூக்கடைத் தொலைபேசியிலிருந்து கோலாலம்பூருக்குக் கூப்பிட்டு, வரவில்லை என்று சொல்லிவிட்டார். காரணம் கேட்டதற்கு, வீட்டில் வசதிப்படாது என்றாராம். மாலையில் நான் போனபோது இந்தக் கதையை மாலை கட்டிக்கொண்டே சொன்னார். நாரை இழுத்து முடிச்சுப் போடும் கை நிற்கவேயில்லை. “அம்மாவுக்கு மிச்சம் இருக்கிறது என் கொரல் மட்டுந்தான் தங்கச்சி. அதயும் நான் கொண்டு போயிட்டா, அவங்க யாரு வீட்ல இருப்பாங்க?” என்றார்.

ஆல்பம் வேறு யாருக்கோ போனது. அடுத்த ஆண்டுகளில் அம்மாவின் சிறுநீரகமும் கெட்டது. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைச்சல். கடைசி முறை சேர்த்தபோது நானும் உடன் இருந்தேன். பெண்கள் வார்டு. துணைக்குத் தங்குவதானால் பெண்கள்தான் தங்கலாம். பார்வையாளர் நேரம் முடிந்து எல்லாரும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். இரவு அம்மாவோடு இருக்கலாமா என்று அக்கா அங்கிருந்த மலாய்க்கார நர்சிடம் கேட்டார். நர்சை நாங்கள் மிஸ்ஸி என்போம். குரலைக் கேட்டதும் மிஸ்ஸி எழுதுவதை நிறுத்திவிட்டு அக்காவின் முகத்தைப் பார்த்தார். கடுமையாகப் பார்க்கவில்லை. ஐசி, அதாவது அடையாள அட்டை கேட்பாரோ என்று நான் அக்காவின் அருகே நகர்ந்து நின்றேன். அக்காவின் ஐசியில் பழைய பெயரும் பழைய படமும்தான். அக்கா கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். அவர் கிளம்பத் தயாராகிவிட்டார் என்று புரிந்தது. மிஸ்ஸி கட்டிலுக்கு வந்து அம்மாவிடம் குனிந்து, “ஆன்ட்டி, இனி சியாப்பா?” என்று கேட்டார். இது யார் என்று.

அம்மா கண்ணைத் திறக்கவில்லை. கையை நீட்டித் துழாவி அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அக்கா போட்டிருந்த வளையல்கள் அந்தப் பிடிக்குள் நெருங்கி ஒலித்தன. “அனாக் பெரெம்புவான் சாயா” என்றார். என் மகள். வார்டு முழுக்கக் கேட்கும்படி, தெளிவாகச் சொன்னார். பள்ளிக்கூடச் சமையல்கட்டில் பழகிய மலாய். மிஸ்ஸி தலையாட்டிவிட்டுப் போய், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தானே தூக்கிவந்து கட்டிலோரம் போட்டார். அவர் போனதும் அம்மா, “ஐயா, அந்தப் போர்வைய கொஞ்சம் இழுத்துவிடு” என்றார். அக்கா இழுத்துவிட்டார். நான் வாசல்வரை வந்து திரும்பிப் பார்த்தேன். அக்கா நாற்காலியில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார், பள்ளிக்கூடத்தில் முதல்நாள் உட்காரும் பிள்ளையைப்போல.

அம்மா அதற்குப்பின் வீடு திரும்பவில்லை. சடங்கு செய்ய வந்த பண்டாரம் வயதானவர். “மகன் யாரு?” என்று கேட்டார். சொந்தக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வெள்ளைப் புடவையில் அக்கா முன்னால் வந்தார். பண்டாரம் அவரைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, “பிள்ளைங்க நீங்க ஒருத்தர்தானா? மகன்னா மொட்ட போடணும். மகள்னா தேவையில்ல. எப்படிச் செய்யணும்னு நீங்களே சொல்லுங்கம்மா” என்றார். அக்கா போய் முடிவெட்டுகிறவரின் முன்னால் உட்கார்ந்து, பின்னலைத் தானே அவிழ்த்தார். என் பின்னால் நின்ற ஒருவர், “கடைசில மகனாவே நின்னுட்டான் பாத்தியா” என்று நிம்மதியாகச் சொன்னது காதில் விழுந்தது. அத்தனை வருடம் வளர்த்த முடி மடியில் விழுந்தபோது அக்கா அழவில்லை. கொள்ளி வைத்துவிட்டுத் திரும்பும்போது காரில் என்னோடுதான் வந்தார். நான் கேட்காமலே சொன்னார்: “அவங்க என்ன நெனச்சுக்கிட்டாங்கன்னு தெரியும். நெனச்சுட்டுப் போகட்டும். அம்மா பின்னிவிட்ட முடி தங்கச்சி இது. நாளைக்குக் காலைல எந்திரிச்சு அத நானே பின்னிக்க எனக்குக் கை வராது.”

இனி குரலுக்கு ஒரு தடையும் இல்லை, அந்தத் தயாரிப்பாளரைக் கூப்பிட்டுப் பார்க்கலாம் என்று சிலர் அவரிடம் சொன்னார்கள். நானும்கூட மனதுக்குள் அப்படி நினைத்தேன். அக்கா கூப்பிடவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து சில வாரங்களில், துக்கம் விசாரிக்க மாஸ்டர் வந்தார். அவருக்கும் நடை தளர்ந்திருந்தது. வெகுநேரம் அம்மாவைப் பற்றியே பேசிவிட்டு, எழுந்திருக்கும்போது, “ஒரு கோயில் திருவிழா வருது. வந்து பாடுறியா? மேடையிலதான்” என்றார். கடைசிச் சொல்லை அழுத்திச் சொன்னார். அக்கா யோசித்து, “முடி வளரட்டுமா மாஸ்டர்?” என்றார். “கொரலுக்கு முடி எதுக்கும்மா” என்றார் மாஸ்டர். அவர் அக்காவை ‘அம்மா’ என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

மொட்டைத் தலையும் கருஞ்சிவப்புப் புடவையுமாக அக்கா மேடை ஏறினார். நான் பக்கத்தில் நின்றேன். சலசலப்பு இருந்தது. பின்வரிசையில் விசில் அடித்தார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனவர்களும் உண்டு. ஃபெரி பாட்டின் ஆண் வரியை அக்கா தொடங்கினார். வானொலியில் கேட்டுக் கேட்டுப் பழகிய அதே கனம், அதே இறக்கம். முதல் சரணம் முடியும்வரை யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. இரண்டாவது சரணத்தில் என் வரி வந்தபோது முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்த வயதான பெண்கள் என்னோடு சேர்ந்து பாடினார்கள். பிறகு அக்காவின் வரியையும் பாடினார்கள். கைதட்டல் பெரிதாக இல்லை. ஆனால் இறங்கி வந்தபோது ஒரு பெண் அக்காவிடம், “நீங்கதானா அது? நல்லா இருந்துச்சு” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். வீட்டுக்குப் போகும் வழியில் அக்கா சாப்பாட்டுக் கடையில் நிறுத்தச் சொல்லி, இறங்கி, தானே போய் வாய்விட்டுக் கேட்டு வாங்கினார். கடையில் தலைகள் திரும்பின. மிளகாய் தனியாகக் கட்டச் சொல்லி இன்னும் ஒருமுறை பேசினார். காரில் ஏறியதும் சொன்னார்: “அம்மாவுக்காகத்தான் இந்தக் கொரல வெச்சிருக்கேன்னு நெனச்சேன். அவங்க போனப்புறமும் மாத்தத் தோணல. அப்பத்தான் தெரிஞ்சுது, எனக்கும் இது வேணும்னு.”

அதற்குப் பிறகு அழைப்புகள் மெல்ல மெல்ல வந்தன. எல்லாரும் கூப்பிட்டார்கள் என்று சொல்லமாட்டேன். கடைசிவரை அவரை மேடையேற்ற மறுத்த மண்டபங்கள் உண்டு. ஆனால் சாகும்வரை பாட்டுப் பாடித்தான் சாப்பிட்டார். வீட்டிலேயே பதிவுசெய்து இணையத்தில் விட்ட சில பாட்டுகளை எங்கெங்கோ இருக்கிறவர்கள் கேட்டு எழுதினார்கள். அம்மாவைக் கொண்டுபோன சர்க்கரையே அவருக்கும் வந்தது. வாரத்தில் பாதி நாள் இரத்தச் சுத்திகரிப்பு. போன வருடம் மழைக்காலத்தில் இறந்தார். உறவு யார் என்று பண்டாரம் கேட்டபோது சொந்தத் தங்கச்சியின் இடத்தில் நான் நின்றேன்.

இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்னால் ஒரு காலை, அவர் வீட்டு நடைபாதையில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். துணி காய்ந்துகொண்டிருந்தது. கட்டடங்களுக்கு இடையே கொஞ்சம் கடல் தெரியும். அம்மாவைப் பற்றிப் பேச்சு வந்தது. அத்தனை வருடமாக எனக்குள் கிடந்த கேள்வியைக் கேட்டேன். “அன்னைக்கு ஆஸ்பத்திரியில அம்மா மிஸ்ஸிகிட்ட மகள்னு சொன்னாங்களே. ஒங்கள உள்ள விடணும்னு சொன்னதா? இல்ல, மனசாரச் சொன்னதா? நீங்க அப்புறம் கேட்டீங்களா அக்கா?”

அக்கா என்னைப் பார்க்கவில்லை. “அன்னைக்கி ராத்திரி பூரா அம்மா முழிச்சுத்தான் இருந்தாங்க. கேட்டிருக்கலாம்” என்றார். பிறகு அந்தக் குரலை இன்னும் இறக்கி, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்:

“கேட்டிருந்தா அவங்க பதில் சொல்லியிருப்பாங்க தங்கச்சி. அதான் கேக்கல.”